பெரியம்மா நகர மறுத்த அறை

என் பெரியப்பாவை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டூலெட்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கெடுக்கும் வேலை அவருக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் பின்கட்டுச் சுவரிலும் மீட்டரைத் தேடிப் போவார். கை எண்களைக் குறிக்கும், கண் அந்த வீட்டு ஜன்னலை அளக்கும். "இன்னைக்கு ஒரு வீடு பாத்தேன், காத்து சும்மா அள்ளிக்கிட்டு வருது" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தால் பெரியம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்குவார். சீக்கிரமே சாமான் ஏற்றும் வண்டி வாசலில் வந்து நின்றுவிடும்.

காலி செய்ய அவருக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஒரு வீட்டில் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் ஆகவில்லை. இன்னொரு வீட்டில் மாடிப்படியில் ஒரு படி மட்டும் உயரமாக இருந்தது. ஒரு தடவை, வீட்டுக்காரர் இருமுகிற விதம் பிடிக்கவில்லை என்று கிளம்பினார்.

ஓய்வு பெற்றதும் வெளிநாடு பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "இந்த ஊருக்குள்ளயே வீடு மாத்தி மாத்தி அலுத்துப்போச்சும்மா" என்றார். அறை பிடிக்கவும் வழி கேட்கவும் ஆள் வேண்டுமே, லீவு போட்டுவிட்டு அவர்கள் இருவரோடும் நானும் போனேன்.

முதலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நடுத்தரமான ஓட்டல் ஒன்று. சுத்தமான அறைதான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும். "மூச்சு முட்டுது, வேற இடம் பாரு" என்றார் பெரியப்பா. வந்ததே ஒரு தடவைதான் என்று மறுநாள் நட்சத்திர ஓட்டலுக்குப் போனோம். கால் புதையும் கம்பளம். சுவர் முழுக்கக் கண்ணாடி, ஊரே தெரிந்தது. கண்ணாடியின் விளிம்பெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "திறக்க முடியாதுன்னா இது ஜன்னலா, போட்டோவா?" என்று என்னைக் கேட்டார். அன்றைக்குப் பூராவும் அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

மூன்றாவதாக, செங்குத்தான ஒரு சந்தில் வயதான அம்மாள் ஒருத்தர் நடத்தும் விடுதி. உச்சி மாடியில் சின்ன அறை. சாய்ந்த கூரை, இரண்டு கட்டில், எனக்குத் தரையில் ஒரு மெத்தை. பெரியம்மா பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறி அலமாரியில் மாட்டினார். முந்தைய இரண்டு இடத்திலும் அவர் பையையே பிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் மத்தியானம், காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போன பெரியப்பா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"கிளம்புங்க, கிளம்புங்க! ஆத்தங்கரையில ஒரு ஃபிளாட். அடுப்பு இருக்கு, பால்கனி இருக்கு. வாடகையும் ஒண்ணும் அதிகமில்ல."

பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "நான் வரலைங்க" என்றார்.

"என்னது?"

"நீங்க போய் பால்கனில உக்காருங்க. நான் இங்கயே இருக்கேன்."

பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"நான் துணி தைக்கிறவ" என்றார் பெரியம்மா. குரல் உயரவில்லை. "ஒரு தெருவுல நாலு பேரு என்னை நம்பி அளவு சட்டை குடுக்க ஆரம்பிப்பாங்க. அப்பப் பாத்து நீங்க வண்டியோட வந்து நிப்பீங்க. புதுத் தெருவுல மறுபடியும் தையல்னு எழுதின அட்டையை மாட்டிட்டு, யாராவது வர மாட்டாங்களான்னு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காரணும். மெஷின் கால் உடைஞ்சது தச்சு இல்ல. ஏத்தி இறக்கியே உடைஞ்சுது."

"இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்ப சொல்றது? நான் சாமான் கட்டிக்கிட்டு இல்ல இருந்தேன்."

பெரியப்பாவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வீம்பு விடவில்லை. பையை எடுத்துக்கொண்டு தனியாகவே அந்த ஃபிளாட்டுக்குப் போனார். நான் அவர் கட்டிலுக்கு மாறினேன்.

மறுநாள் காலை நாங்கள் டீ குடிக்கும் நேரத்துக்கு வந்து நின்றார். பால்கனி பிரமாதம் என்றார். அடுப்பு? கண்ணாடிப் பலகை மாதிரி இருக்கிறதாம், எங்கே அமுக்கினாலும் கத்துகிறதாம். ஆயுள் முழுக்க மின்சாரத்தோடு புழங்கிய மனிதர், வெந்நீர் கூட வைத்துக்கொள்ள முடியாமல் வந்திருந்தார். பெரியம்மா ஒரு கப் டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஃபிளாட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று, அதற்கடுத்து, முதுகில் பை மாட்டித் திரியும் பிள்ளைகள் தங்குகிற மலிவான இடத்துக்கு மாறினார். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள். "ரொம்ப ஜாலியா இருக்கு, நாலு நாட்டுப் பசங்க" என்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. செருப்பு காணாமல் போய்விடுமோ என்று தலைக்கு வைத்துப் படுத்தாராம்.

அந்த இரண்டு நாளும் பெரியம்மா ஊர் பார்க்கக்கூட அதிகம் வரவில்லை. விடுதி அம்மாளின் திரைச்சீலையில் விளிம்பு பிரிந்திருந்ததைக் கையாலேயே தைத்துக் கொடுத்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் பெரியப்பா பையோடு மாடியேறி வந்தார். வாசலிலேயே நின்று, "இங்க இடம் இருக்கா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

நான் எழுந்து கட்டிலைக் காட்டினேன். "வேண்டாம்மா, நீ படு. நான் கீழயே படுத்துக்கறேன்."

"பையைக் கொண்டாங்க" என்று கை நீட்டினார் பெரியம்மா. அவர் துணிகளையும் உதறித் தன் துணிகளுக்குப் பக்கத்தில் மாட்டினார். பெரியப்பா மெத்தையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு கதவுப் பக்கம். பிறகு திரும்பவும் ஜன்னல் பக்கம். ஊர் திரும்பும் வரை நாங்கள் அந்த அறையை விட்டு மாறவில்லை.

அவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் பொய். பொழுது போகவில்லை என்றால் போதும், தரகரைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பிவிடுவார். தண்ணீர் வருமா, வெயில் எந்தப் பக்கம் என்று துருவித் துருவிக் கேட்பார். ஒரு தடவை முன்பணம் கொடுக்கும் வரைக்கும் போய்விட்டு, கேட்டைத் தொட்டதும் திரும்பி நடந்துவிட்டாராம். வந்து சொல்வதையெல்லாம் பெரியம்மா கேட்டுக்கொள்வார். "நல்ல வீடுதான்" என்பார். அதோடு சரி. மறுபடி மெஷின் ஓடத் தொடங்கிவிடும்.

போன வாரம் போயிருந்தேன். வீடு அதே வீடுதான். துணி கொடுக்க வந்த பெண்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு உட்கார இடமில்லை. நின்றுகொண்டே ஒரு பெண்ணிடம், அவள் வீட்டுச் சமையலறை எவ்வளவு பெரிது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அளவு நாடா கழுத்தில் தொங்க, பெரியம்மா அவரை விலக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.