மெழுகுதிரிக்கு முன்னால் பதினான்காம் லூயி

வெள்ளி, பிற்பகல் மூன்று மணி. பாரிசிலிருந்து எட்டு மணிநேரம் பறந்து ரொறன்ரோவில் இறங்கினேன். 1996 ஒக்டோபர். வந்த காரியம் பெண் பார்ப்பது. சரிவந்தால் பெண் கலியாணம் முடித்துப் பாரிசுக்கு வருவாள். சரிவராவிட்டால், முப்பத்தாறு வயதில் நான் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். சம்பந்தம் பேசிய சூசை அண்ணை தன் டாக்சியுடன் காத்து நின்றார். பெண் வீடு இருக்கும் டோர்செட் பார்க் வரையான முப்பத்தைந்து கிலோமீற்றரும் எனக்குப் புத்திமதிதான்.

"மன்னார்ச் சனம், பக்தியான குடும்பம். நீர் வாயைக் குறையும்."

மாலை ஆறு மணி. பதினோராம் மாடியில் கதவைத் திறந்தவர் பெண்ணின் தாய். கொண்டுபோன பரிசை நீட்டினேன். வெர்சாய் அரண்மனை வாசற்கடையில் நாற்பது பிராங்குக்கு வாங்கிய, சட்டம் போட்ட பதினான்காம் லூயியின் படம். பூப்போட்ட நீல அங்கி, தோளில் விழும் சுருள்முடி.

"ஆர் தம்பி உது?"

"பிரான்ஸ் ராசா அன்ரி. லூயி."

"புனித லூயி ராசாவோ! எங்கட கோயில்லயும் இவற்ற சுருவம் இருந்தது." அன்ரியின் கண் கலங்கிவிட்டது.

புனிதர் ஒன்பதாம் லூயி. என்னுடையவருக்கு நானூறு வருடம் மூத்தவர். அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் படம் மாதாவுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது, மெழுகுதிரியும் கொளுத்தியாயிற்று. சூசை அண்ணை என் காலை மிதித்தார்.

சனி, காலை பத்து மணி. பெண்ணோடு பேச ஸ்காபரோ பஸ்ஸில் அரைமணிநேரம் அனுமதி கிடைத்தது. ஆளுக்கு இரண்டு டொலர். பெயர் ஜெசிந்தா, பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறவள். இருந்ததுமே கேட்டாள்.

"அது எத்தினையாம் லூயி எண்டு தெரியும்தானே?"

"ஓம்."

"அம்மாட்ட ஏன் சொல்லேல்லை?"

"பயத்தில."

நான் பாரிஸ்காரன் என்றதால் ராசாவைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்தாள் போலும். எனக்குத் தெரிந்தது மொழி வகுப்பில் கேட்டதுதான். ஐந்து வயது நிரம்பாமல் பட்டத்துக்கு வந்து எழுபத்திரண்டு வருடம் ஆண்டார். பிரபுக்களை அரண்மனைக்குள்ளேயே சேர்த்து வைத்து அடக்கினார். அதை வாத்தியார் சொன்னது பெருமையிலா எரிச்சலிலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மிச்சத்தை ஜெசிந்தா சொன்னாள்.

"இந்த நாட்டில குடியேற இளம் பெண்டுகளைக் கப்பல்ல அனுப்பினவரும் உவர்தான். வேற சபைக்காரரின்ர உரிமையைப் பறிச்சு, சனத்தை அகதியாக்கினவரும் உவர்தான்."

"அப்ப நல்லவரோ கெட்டவரோ?"

"அதைத்தான் மூண்டு வருசமாப் படிக்கிறன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அம்மாட்ட நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

ஞாயிறு, மாலை ஏழு மணி. செபமாலை முடிந்ததும் அன்ரி ராசாவைப் பார்த்துக் கைகூப்பி, இந்தக் கலியாணம் நல்லபடி நடக்கவேண்டும் என்று மன்றாடினார். நான் எழும்பிச் சொல்லிவிட்டேன்.

"அன்ரி, உவர் புனிதர் இல்லை. ஊரறிய வைப்பாட்டியள் வைச்சிருந்த ராசா."

சூசை அண்ணை தலையில் கைவைத்தார். அன்ரி படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப மூண்டு நாளா நான் ஆரிட்டக் கேட்டனான்?"

அவர் படத்தை இறக்கி, துணியில் சுற்றி, அலுமாரியில் வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். கோபமா மன்னிப்பா? சீனி சரியாகத்தான் இருந்தது.

திங்கள், மாலை ஐந்து மணி, விமான நிலையம். ஜெசிந்தாவும் வழியனுப்ப வந்திருந்தாள்.

"பாரிசில உங்களுக்கு வீடு இருக்கோ?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "இல்லை. ஒரு அறை. நாலு ஆம்பிளையள்."

"அந்த ராசா அனுப்பின பெண்டுகள் மாப்பிளையளிட்ட முதல்ல கேட்டது இதைத்தானாம். கெட்டிக்காரர் கலியாணத்துக்கு ஒரு வருசம் முந்தியே வீடு கட்டத் தொடங்கிப்போடுவினமாம்."

"அப்ப எனக்கு என்ன பதில்?"

"எனக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கு" என்றாள். சூசை அண்ணை மணிக்கூட்டைக் காட்டினார்.

வேண்டாம் என்றாளா, காத்திருப்பேன் என்றாளா? கடல் முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. செவ்வாய்க் காலை பாரிசில் இறங்கி, அறைக்குப் போகாமல், பெட்டியும் கையுமாக வாடகை வீட்டு விளம்பரம் ஒட்டிய கடைக் கண்ணாடிகளின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.