மூன்றாம் முறை கூப்பிடாதவர்

ஊக்கமருந்து என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு வருடத் தடை வாங்கியிருக்கிறேன். கேட்டால் சிரிப்பீர்கள், சிரித்துத் தொலையுங்கள்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் பட்டத்துக்கு மோதப்போகிறவன், தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பான் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் சோதனை அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து சிறுநீர் கேட்பார். ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை ஆள் அகப்படாவிட்டால், மருந்தே தொடாதவனும் குற்றவாளிதான். நான் ஏற்கெனவே இரண்டைத் தொலைத்திருந்தேன். ஒரு தடவை கிணத்துக்கடவில் ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டேன். இன்னொரு தடவை வெளியூர் போனதைப் பதிய மறந்துவிட்டேன். இன்னொன்று தவறினால் பட்டப் போட்டியே கைவிட்டுப் போய்விடும். அதனால்தான் விடிகாலை ஐந்திலிருந்து ஆறு வரை, கருமத்தம்பட்டி வீடு என்று கொடுத்திருந்தேன். அந்த நேரத்தில் நான் வேறெங்கே போகப்போகிறேன்?

அன்று கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அம்மா கை நிறைய உப்பும் மிளகாயும் வைத்துக்கொண்டு என் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ஏனுங்கம்மா, என்ன இது?"

"உன்னயத் தேடி வந்துச்சு கண்ணு. நான் வாயே தொறக்கல."

"எதுங்க?"

"சர்ட்டிபிகேட்டுல இருக்கற பேரைச் சொல்லிக் கூப்புட்டுச்சு. நம்மூர்ல யாரு உன்னய அப்பிடிக் கூப்புடறாங்க? ரெண்டு தடவ கூப்புடும். அப்பறம் கம்முனு நிக்கும். மறுபடி ரெண்டு தடவ. மூணாவது வரவே இல்ல. லைட்டக்கூடப் போடாம கதவுக்குப் பின்னால உக்காந்துட்டேன்."

இருட்டில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாம் முறைக்குத்தான் அம்மா பதில் கொடுப்பார். காத்து கருப்புக்கு மூன்றாவது கூப்பிட வராதாம். நானோ பின்கட்டில், ராத்திரி பூராவும் ஓடுகிற தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். வாசலில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது.

வாசலுக்கு ஓடினேன். ராத்திரி மழை பெய்திருந்தது. கேட்டுக்கு வெளியே செம்மண்ணில் இரண்டு ஷூ தடங்கள், வீட்டைப் பார்த்தபடி, பக்கத்தில் பக்கத்தில். நன்றாக ஆழமாகப் பதிந்திருந்தன. ஒரு மணி நேரம் யாரோ இம்மி நகராமல் எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வந்தது அதிகாரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

எங்கள் வீட்டில் அம்மாவிடம் யாரும் 'ங்க' போடாமல் பேச மாட்டோம். அன்றைக்குப் பேசினேன்.

"அது ஆபீசரு! வருவாருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியே! இனி ஜிம்முக்குள்ளகூட என்னய உட மாட்டாங்க!"

"ஆபீசருன்னா பகல்ல ஜீப்புல வருவாங்கன்னு நெனச்சேன் கண்ணு."

"பேயாம், பிசாசாம்! எந்தக் காலத்துல இருக்கற நீ?"

அம்மா அழவில்லை. கையில் மிச்சமிருந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா கிணற்றில் தவறி விழுந்து செத்துப்போனார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை.

"உங்கப்பாவையும் விடியக்காலத்துல யாரோ வந்து பேரு சொல்லிக் கூப்புட்டாங்க," என்றார். "அவரு நல்ல தூக்கத்துல இருந்தாரு கண்ணு. நாந்தான் எழுப்பி அனுப்பி உட்டேன்."