தண்ணீர்க் கோபுரமும் என் புதுச் செருப்பும்

சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், என்னோடு தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களோடு மெர்சிங் துறைமுகத்தில் நீராவிப் படகேறி, தீவிலுள்ள பழைய தண்ணீர்க் கோபுரத்தைப் பார்க்கப் போனேன். குடிநீர்த் தொட்டி என்பதால் செருப்பை வாசலில் விட்டுத்தான் ஏற வேண்டும். கோயில் வாசலில் ஏற்கெனவே செருப்பைப் பறிகொடுத்தவள் நான். புதுச் செருப்பை முந்தானையில் சுருட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

மற்றவர்கள் இறங்கிய பிறகும் உச்சியில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே கதவு பூட்டும் சத்தம் கேட்டது. இறங்கி ஓடிவந்து தட்டினேன், கத்தினேன். அந்தக் காற்றில் யாருக்குக் கேட்கும்? படகு வேறு கிளம்ப ஊதிவிட்டது. மறுபடி மேலே ஓடி, கதவைப் பூட்டிவிட்டு நடந்து போய்க்கொண்டிருந்த காவலாளிக்கு முன்னால் ஒரு செருப்பை வீசினேன்.

"அலாமாக், ஐயையோ! வாசல்ல செருப்பே இல்ல, ஆளு இல்லன்னு பூட்டிட்டேனே அக்கா!" என்று ஓடிவந்து திறந்தார்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் செருப்பை வாசலில் கண்ணில் படும்படி விடுகிறேன். திருடன் எடுத்தால் எடுக்கட்டும். வெறுங்காலோடாவது வீடு வந்து சேரலாம்.