ரேடியோவின் விடுமுறை நாள்

பழைய பல்கலைக்கழக நகரத்தைப் பார்க்க வருகிறவர்களை நடத்தியே கூட்டிப்போய்க் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பாள். நடக்க நடக்கப் பேச்சு. மற்ற வழிகாட்டிகள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அணைக்கிற பொத்தானைத் தேடி அவள் வீட்டுக்காரரே அலுத்துப்போனதாகக் கேலி பேசுவார்கள். வாரமெல்லாம் கல் பாவிய தெருக்களில் அப்படி நடந்ததில், விடுமுறையன்று கால் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அந்த விடுமுறையிலும் மண் விழுந்தது. காலையில் தங்கை வந்து நின்றாள்.

"ஊரைச் சுத்திக் காட்டுக்கா. நீ காட்டி நான் பாத்ததே இல்லையே" என்றாள்.

ஊரைப் பார்க்கவா ரயிலேறி வந்தாள்? படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறாள். வாசலில் அந்த முகத்தைக் கண்டதுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. முடியாது என்று தங்கையிடம் சொல்ல வாய் வராது. சரி என்று சொல்ல உடம்பில் தெம்பில்லை. ஆக, கேட்கவே விடக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கேள்வி கேட்கப் போகிறவர்களின் முகம் அவளுக்கு அத்துப்படி. முதலில் மோவாய் லேசாக உயரும். பிறகு உதடு பிரியும். அதற்குள் முந்திக்கொண்டால் தீர்ந்தது. அன்றும் பின்பக்கமாகவே நடந்தாள்.

"இந்த மணிக்கூண்டுல பாரு, மூணு பக்கந்தான் கடிகாரம். நாலாவது பக்கம் தத்துவத் துறை. அவங்களுக்கு எதுக்கு நேரம்னு விட்டுட்டாங்களாம்."

தங்கை சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மோவாய் உயர்ந்தது. அக்கா அவசரமாகத் தேர்வு மண்டபத்துக்குத் தாவினாள். அங்கிருந்து புத்தகக் கடைகள் வரிசையாக இருந்த சந்து. அதை விட்டால் நூலகம். நூலகத்து வாசலில் தங்கை எப்படியோ வாயைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, அப்பாவுக்கு..."

"அப்பான்னதும் ஞாபகம் வருது பாரு. இதைக் கட்டினாரே, அவரோட அப்பாவுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாதாம்!"

சொன்ன பிறகு அவளுக்கே கூசிப்போனது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை.

வெயில் ஏறியதும் வகுப்பறைகளைச் சுற்றி ஓடிய நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இங்கே முதன்முதலில் படிக்க வந்த பெண்களைப் பற்றி அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். உம் கொட்டும் சத்தம் வரவில்லையே என்று திரும்பினால், தங்கை வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கைப்பை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தது. முன்கையில் விரல்கள் பதிந்து கன்றிப்போன தடம். தூக்கி உட்கார வைக்கும்போது அப்பா பிடித்த பிடியாக இருக்கும். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் தங்கையைத்தான் மூத்தவள் என்பார்கள். பாவி மகள், ஒழுங்காகத் தூங்கி எத்தனை காலமாயிற்றோ. அக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விழித்ததும் தங்கைக்கு வெட்கம். "கதை நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்று சமாளித்தாள். இருவரும் நடந்து ஆற்றுப் பாலத்துக்கு வந்தார்கள். அவள் தினமும் கூட்டத்தை அனுப்பிவைக்கும் இடம் அதுதான். கால் தானாக நின்றது. வாயும் தானாகத் திறந்தது.

"அவ்வளவுதாங்க. யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாள் முழுக்கப் பூட்டி வைத்த கதவைத் தன் வாயாலேயே திறந்துவிட்டாள்.

தங்கை கைப்பிடிச் சுவரைத் தடவியபடி கேட்டாள். "அப்பாவை ஒரு மாசம் நீ வச்சுக்கிறியாக்கா?"

"என் வீடு மாடிலடி. லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டா, அப்பாவைத் தூக்கி இறக்க ஒருத்தியால ஆகுமா?"

"நீ எதுக்குத் தனியா தூக்கணும்? நானும் கூட வந்து இருக்கேன்."

ஓய்வு கேட்டு வந்தவள், உதவிக்கு வருகிறேன் என்கிறாள். அக்கா தங்கையின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீ வர வேணாம். அவரைக் கொண்டுவந்து விட்டுட்டு, நீ போய்த் தூங்கு."