முதிரைப் பலகையும் கிணற்றுக் கல்மேடும்

பிள்ளைகளே, உடுப்பிட்டியிலிருந்து வன்னிக்கு வயல் செய்யப் புறப்பட்டபோது எங்களிடம் இருந்த ஒரே சொத்து, இரண்டு சில்லில் உருளும் உழவு மெசின்தான். அதை ஏற்ற வந்த கொன்ரெயினர் லொறியின் வாசல் என் நெஞ்சளவு உயரம். தடித்த பலகைதான் பாரம் தாங்கும் என்று நம்பி, நீளம் கட்டையான இரண்டு முதிரை மரப் பலகைகளைச் சாய்த்து வைத்தேன்.

"அத்தான், உது ஏணி மாதிரி நிக்குது. மெசின் என்ன குரங்கோ ஏற?" என்றான் மனைவியின் தம்பி குணம்.

நான் கேட்கவில்லை. பாதி ஏறியதும் பலகைகள் நழுவ, மெசின் பின்னுக்கு உருண்டு வந்தது. குணம் என்னைப் பிடித்து இழுத்திராவிட்டால் என் கால் போயிருக்கும்.

"ஏத்த ஏலாட்டி விட்டிட்டுப் போறன் அண்ணை," என்றார் சாரதி.

அப்போது என் மனைவி, கிணறு வெட்டிய கல்லும் மண்ணும் வேலியோரம் மேடாகக் கிடந்ததைக் காட்டினாள். "லொறியை அதிலை அணைச்சு விடச் சொல்லுங்கோவன். மேடும் வாசலும் ஒரே உயரம்தானே!"

மேட்டின் சரிவில் மெசின் மெல்ல ஏறியது. அதே பலகைகளை வாசலோடு கயிற்றால் இறுக்கிக் கட்டிப் பாலமாகப் போட்டோம். மெசின் மாப்பிள்ளை மாதிரி உள்ளே போக, அயலெல்லாம் கைதட்டியது.

இப்போது நான் பலகையின் தடிப்பைப் பார்க்க முன்னம் சரிவைத்தான் பார்க்கிறேன். கட்டாத பலகையில் சில்லை வைப்பதுமில்லை. இன்று மத்தியானம் நீங்கள் சாப்பிட்டது, அந்த மெசின் உழுத வயலின் சோறு.