ஆறாம் துண்டுக்கும் ஏழாம் துண்டுக்கும் இடையில்

லீலாபாய் இருபத்தாறு வருடம் மரம் தேய்த்தாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வாள்: "மரம் தேய்க்க வேல." கேட்டவர்கள் ஏதோ தச்சுப்பட்டறை என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவர்களைத் திருத்த அவள் மெனக்கெட்டதில்லை. பல நூறு வருடத்து மரங்களின் மழைக்கணக்கைப் படிக்கும் ஆராய்ச்சிக்கூடம் என்று சொன்னால் அடுத்து பத்துக் கேள்வி வரும், பஸ் போய்விடும் என்பாள்.

அவள் என் மனைவி. பாறசாலைக்குத் தெற்கே, தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் ஊரில் பிறந்தவள். பள்ளிக்குப் பின் பிரீடிகிரி இரண்டு வருடம் முடித்து, திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிக் குப்பி கழுவும் தற்காலிக வேலைக்கு வந்தாள். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவிலிருந்து வரும் அனந்தலக்ஷ்மி மேடம் அங்கே விஞ்ஞானி. ஒருநாள், கழுவின குப்பிகளை லீலா யாரும் சொல்லாமலே அளவு வாரியாக, விளிம்பில் ஒரு கீறல் இருந்தால்கூடத் தனியாக எடுத்து வைத்திருப்பதை அவர் பார்த்தார். மறுநாள் ஒரு மரக்குச்சியையும் உப்புத்தாளையும் கையில் கொடுத்து, "இத கொஞ்சம் தேய்ச்சுப் பாருங்கோ" என்றார். அது தொண்ணூற்றெட்டு.

குச்சி என்று நான் சொல்வது பென்சில் கனத்தில் இருக்கும். உயிருள்ள மரத்தில் உள்ளீடற்ற துரப்பணத்தைத் திருகி, பட்டையிலிருந்து நடுவரைக்கும் மெல்லிய ஒரு தண்டை உருவி எடுப்பார்கள். மரத்துக்கு ஊசி போட்ட மாதிரிதான். பிசின் வந்து துளையை மூடிவிடும். இமயமலையில், கின்னௌர் பக்கத்துப் பாறைச் சரிவுகளில் நிற்கும் பைன் மரங்களிலிருந்து அப்படி எடுத்த தண்டுகள் காகிதக் குழலுக்குள் இங்கே வந்து சேரும். லீலா அவற்றைப் பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் ஒட்டுவாள். காய்ந்ததும் சொரசொரத் தாளில் தொடங்கி, மேலும் மேலும் நைசான தாளுக்குப் போய், கடைசியில் கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்ப்பாள். அப்போதுதான் வளையங்கள் தெரியும். ஒரு வருடத்துக்கு ஒரு வளையம். நுண்ணோக்கியில் எண்ணி, பத்து வருடத்துக்கு ஒரு ஊசிப்புள்ளி, ஐம்பதுக்கு இரண்டு, நூறுக்கு மூன்று. மழையும் பனியும் கிடைத்த வருடத்தில் வளையம் அகலம், வறண்ட வருடத்தில் ஒடுக்கம். மிகவும் வறண்டுபோனால் சில மரம் அந்த வருடம் வளையமே போடாது.

இந்த ஊரின் காற்று அந்த மரங்களுக்கு ஆகாது. வறண்ட மலையிலிருந்து வந்த தண்டு, ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் ஊறி உப்பும், வளையும், பூசணம் பிடிக்கும். லீலா ஒரு இரும்பு அலமாரியின் அடித்தட்டில் அறுபது வாட் பல்பு போட்டு எரியவிட்டு, அதற்குள் அவற்றை வைத்தாள். மழைக்காலத்தில் வீட்டில் துணி காயாமல் நான் புலம்பினால், "அந்த அலமாரியில ஒரு தட்டு ஒழிஞ்சுதான் கெடக்கு, உங்க வேட்டியக் கொண்டுபோட்டுமா?" என்பாள்.

ஒருமுறை அலுவலகக் குடும்பங்களோடு பொன்முடி போனோம். கல்லாறில் வண்டி நின்றது. எல்லோரும் தண்ணீரில் கால் நனைக்கப் போக, அவள் ஆற்றங்கரை மரம் ஒன்றின் முன்னால் நின்றிருந்தாள். இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம்.

"எவ்வளவு வயசிருக்கும்?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? வருசம் முழுக்கத் தண்ணி. நிக்காம வளருது. இதுக்க உள்ள கோடே இருக்காது. தேக்குன்னா வேனல்ல எல உதுத்து நிக்கும், அதனால கோடு விழும். இது ஒருநாளும் நின்னதில்ல." பிறகு சொன்னாள்: "நல்லா இருந்ததுக எதுவும் எழுதி வைக்காது, கேட்டியளா."

அந்தப் பைன்களைப் பற்றி அவள் பேசும்போது ஏதோ தூரத்து உறவினரின் சிக்கனத்தைச் சொல்வதுபோல் இருக்கும். ஒரு மரத்தைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. மண் கிடையாது, பாறைப் பிளவுதான். எழுநூறு வருடம் நின்ற மரம், நூறு வருடத்தில் இரண்டு விரல் கனம்கூடப் பெருத்திருக்காது. மெல்ல வளர்வதால் கட்டை இறுகி, பிசின் நிறைந்து, புழுவும் பூசணமும் எளிதில் ஏறாது. பக்கத்தில் புல்லும் புதரும் இல்லாததால் காட்டுத்தீ தாவி வராது. காலம் ரொம்பக் கெட்டுப்போனால் மரம் தன் உடம்பின் பெரும்பகுதியைச் சாகவிட்டுவிடும். ஒரு பக்கத்து வேரிலிருந்து ஒரு பக்கத்துக் கிளைக்குப் போகும் ஒரு கீற்றுப் பட்டை மட்டும் உயிரோடு இருக்கும். "மிச்சமெல்லாம் செத்துத்தான் நிக்கும், மேடம் படம் காட்டினாவ. பாத்தா விறகுன்னு சொல்லுவிய. அதுல ஒரு கீத்து பச்சையா இருக்கு."

அவள் ஒட்டிய தண்டுகளைப் பற்றி ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. மலையிலிருந்து வரும்போதே பல தண்டுகள் நாலாகவும் ஐந்தாகவும் உடைந்திருக்கும். துண்டுகளை வரிசை மாறாமல் இணைப்பது லீலாவின் வேலை. இணைத்த இடம் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் லென்ஸ் வைத்துத் தேடியும் கண்டுபிடிக்கவில்லை என்று அவளே இரண்டு முறை என்னிடம் சொன்னாள். தன்னைப் பற்றி அவள் பெருமையாகச் சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றில், ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது, அந்த விஷயம் நடந்தது.

பிந்து, கழக்கூட்டம் என்ற ஊரிலிருந்து வரும் ஆய்வு மாணவி. முப்பது வயதுக்கு மேல் ஆனவள். ஐந்து வருடமாக அந்தப் பைன்களை வைத்து அறுநூறு வருட வறட்சி வரலாறு எழுதிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பழைய காலத்துக்குப் போகும் மரங்கள் அவளிடம் மூன்றே மூன்று. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவே ஓர் ஆண்டில், இரண்டு மரங்களில் வளையம் ஒடுங்கியிருந்தது. மூன்றாவதில், எல்லாவற்றிலும் மூத்ததில், அந்த வருடமே இல்லை. மரம் வளராமல் நின்றுவிட்டிருக்கிறது. அப்படியானால் அது அறுநூறு வருடத்தின் மிகக் கொடிய வறட்சி. பிந்து துள்ளிக் குதித்தாள். "லீலா சேச்சி, வந்து பாருங்க! நம்ம மூத்த கெழவன் ஒரு வருசம் உண்ணாவிரதம் இருந்திருக்கான்!"

லீலா போய்த் திரையைப் பார்த்தாள். பிந்து காட்டிய இடத்தையும் சட்டத்தின் ஓரத்தில் தனக்கு மட்டும் புரியும்படி பென்சிலால் போட்டிருந்த சின்னக் குறியையும் பார்த்தாள். ஆறாம் துண்டும் ஏழாம் துண்டும் சேரும் இடம். அவளுக்கு நினைவு வந்துவிட்டது. இரண்டு வருடம் முன்பு, மின்சாரம் இல்லாத ஒரு ஜூன் வாரம். அலமாரிப் பல்பு அணைந்து தண்டு உப்பியிருந்தது. ஏழாம் துண்டின் முனை பொடிந்து பிசிறாக நின்றது. சேர்ப்பு அழகாக வரவேண்டும் என்று அந்தப் பிசிறைப் பிளேடால் ஒரு சீவு சீவினாள். அந்த மரத்தில் ஒரு வருடம் என்பது பிளேடின் ஒரு சீவலைவிட மெல்லியது.

அன்று வீட்டுக்கு வந்து மரச்சீனிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"நாளைக்கி மேடத்துக்கிட்ட சொல்லணும்."

"என்னத்த?"

"எனக்க கையில ஒரு வருசம் போச்சுன்னு."

நான் நீர்வழங்கல் அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவன். கோப்பில் ஒரு பிழையை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "நீ ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றேன். "போனது நிச்சயமா? மரமே போடாம விட்டிருக்கலாமே."

"இருக்கலாம். அதுதான் தெரியாதே."

"தெரியாதுன்னா பின்ன என்ன? ஐந்நூறு வருசத்துக்கு முந்தி அங்க மழ பெஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன? ஒரு வருசம் இருந்தா மரியாதையா வெளிய வந்திரலாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் சொல்லல்லன்னா அந்த மரம் பொய் சொன்ன மாதிரி ஆவும். அது எழுநூறு வருசம் ஒரு பொய்யும் சொல்லல்ல."

"அப்ப நீ பொய் சொன்னேன்னு ஆவட்டும், இல்லியா? அந்தப் பிள்ளைக்க படிப்பு என்னாவும்? யோசிச்சியா?"

அவள் மறுபடியும் கத்தியை எடுத்து அடுத்த கிழங்கை உரிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் அனந்தலக்ஷ்மி மேடத்தின் அறையில் பிந்துவையும் வைத்துக்கொண்டு சொன்னாள். பிந்து முதலில் சிரித்தாளாம், விளையாட்டு என்று நினைத்து. பிறகு, "சேச்சி, அந்த ஒரு வருசம்தான் என்டெ பேப்பரே. யாருக்கும் தெரியாதல்லோ, பின்ன எதுக்கு இப்ப?" என்று கத்திவிட்டு வெளியே போனாள். மேடம் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "பிளேடு இந்த ஒரு எடத்துல மட்டும்தான் போட்டேளா?"

லீலா எதிர்பார்த்துப் போகாத கேள்வி அது. ஒரு சேர்ப்பைப் பற்றித்தான் அவள் இரவெல்லாம் நினைத்திருந்தாள். இருபத்தைந்து வருடச் சேர்ப்புகள் எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன.

"ஞாபகமில்ல மேடம்."

"அப்போ எல்லாத்தையும் பாக்கணும், லீலாபாய்."

"பாக்கேன்."

"நீங்கதான் பாக்கணும். வேற யாராலயும் அந்தச் சேர்ப்பக் கண்டுபிடிக்க முடியாது."

ஏழு மாதம் ஆயிற்று. தங்கள் கடைசி வருடத்தில் மற்றவர்கள் விடுப்பை எடுத்துத் தீர்ப்பார்கள். இவள் தான் ஒட்டிய ஒவ்வொரு தண்டையும் அலமாரியிலிருந்து இறக்கினாள். அறுநூற்றுச் சொச்சம் சேர்ப்புகள். ஒவ்வொன்றையும் பக்கத்து மரத்தின் வளையங்களோடு வைத்து, அகல வருடம் அகலத்தோடும் ஒடுங்கிய வருடம் ஒடுக்கத்தோடும் பொருந்துகிறதா என்று பார்த்தாள். பெரும்பாலும் பொருந்தின. பதினொன்றில் பொருந்தவில்லை. அந்தப் பதினொன்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுத்தாளில் தன் கையெழுத்தில், பள்ளியில் படித்த மலையாளத்திலேயே, எந்த இடம், என்ன செய்திருக்கக்கூடும் என்று எழுதிச் சட்டத்தின் அடியில் ஒட்டினாள். புதிதாக வந்த தண்டுகளில் முனை பொடிந்திருந்தால் பொடிந்தபடியே இடைவெளி விட்டு ஒட்டினாள். பார்க்க அசிங்கமாக இருந்தது என்று அவளே சொன்னாள்.

அந்த ஏழு மாதமும் பிந்து அவளிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தைகள் மட்டுமே பேசினாள். மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போனாள். ஒருநாள் மாலை லீலா, பழவங்காடி பிள்ளையாருக்கு யாரோ உடைத்த தேங்காய்ச் சில் இரண்டை, ரோட்டில் கிடந்ததை எடுத்து வந்து எனக்குக் காட்டினாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். இரண்டு சில்லையும் மேசையில் வைத்துச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தாள். "இது ஒண்ணுக்கொண்ணு சேராது. வேற வேற தேங்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. கண்ணும் விரலும் அந்த வேலையிலிருந்து வெளியே வர மறுத்த மாதங்கள் அவை.

அந்த மூத்த மரத்தின் அந்த ஆண்டு திரும்பக் கிடைக்கவில்லை. சீவிய தூள் என்றோ குப்பையில் போயிருந்தது. மறுபடி ஒரு தண்டு எடுக்கலாம் என்றால், அந்த மரம் நின்ற சரிவே இடிந்து போயிருந்தது. மரம் அந்த வருடம் வளர்ந்ததா, வளராமல் நின்றதா, இனி யாருக்கும் தெரியாது. மற்ற இரண்டு மரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அது வறண்ட ஆண்டு, அவ்வளவுதான். அறுநூறு வருடத்தில் மிகக் கொடியது என்று சொல்ல ஆதாரமில்லை. பிந்து கட்டுரையை முதலிலிருந்து எழுதினாள். ஒரு வருடம் போயிற்று.

லீலா ஓய்வுபெற்ற ஒன்பதாம் மாதம், பால் வாங்கப் போய்த் திரும்பும் வழியில் நெஞ்சு வலிக்கிறது என்று கடைப்படியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

சென்ற மாதம் பிந்து வீட்டுக்கு வந்தாள். அச்சான கட்டுரையை ஒரு உறையில் கொண்டு வந்திருந்தாள். நன்றி சொல்லும் பத்தியில் லீலாபாயின் பெயர் இருந்தது. அட்டவணையில் அந்த ஆண்டுக்கு நேரே, மூத்த மரத்தின் கட்டத்தில், எண் இல்லை. தண்டு உடைந்த இடம், உறுதி செய்ய முடியவில்லை என்று ஒரு வரி மட்டும்.

"அன்னைக்கி நான் சேச்சிகிட்ட கத்திட்டேன் அங்கிள்" என்றாள். "பின்ன எப்பவோ செரியாயிட்டோம். ஆனா சாரின்னு ஒரு வார்த்த சொல்லல்ல."

இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன். "சொல்லாண்டாம்னு நான் அவகிட்ட சொன்னேன் மோளே. முந்தின நாள். அவ கேக்கல்ல."

"எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"சேச்சி சொன்னாங்க. ரிட்டயர் ஆன அன்னைக்கி, சத்யை விருந்து சாப்பிடும்போது." பிந்து லீலாவின் குரலை அப்படியே எடுத்துச் சொன்னாள். "'சொல்லணுமா வேண்டாமான்னு ஒரே ஆட்டம் எனக்கு. அவியகிட்ட சொல்லிப் பாத்தேன். ஒண்ணும் சொல்லாண்டாம்னு தெளிவாச் சொன்னாவ. முப்பது வருசம் சர்க்கார் ஆபீசுல இருந்த ஆளு. அப்பவே ஒறப்பாச்சு, சொல்லணும்னு.' சொல்லிட்டு, அடப்பிரதமன் பாயசம் எலயில சிந்துற வரைக்கும் சிரிச்சாங்க."

பிந்துவும் சிரித்தாள். நான் எழுந்து அவளுக்குச் சாயா போடப் போனேன்.