வெண்ணெய்க்குக் கம்பளி

காலையில் எழுந்ததும் கண்ணாடியைக்கூட மாட்டாமல் சமையலறைக்குள் போய், வெண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவார் ஆலிஸ்டர் புல்லர். விரல் பதிந்தால் அன்றைக்கு நல்ல நாள். பதியாவிட்டால் வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. யாரும் என்றால் மனைவி நோலீன்தான். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பாவத்துக்கு நானும்.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வெண்ணெயைக் குளிர்பெட்டியில் வைக்கிறவர்களை மனிதராகவே மதிக்கமாட்டார். வெளியே வைத்தால் மட்டும் என்ன? நியூசிலாந்தின் இந்தத் தென்கோடியில், ஜூலை மாதக் குளிர்காலத்தில், எங்கள் சமையலறைக்கும் குளிர்பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் அவர் வீட்டு வெண்ணெய் ஓரிடத்தில் தங்குவதில்லை. காலையில் கிழக்கு ஜன்னல், மதியம் வடக்கு ஜன்னல், மாலையில் கணப்புக்குப் பக்கம். இருட்டிவிட்டால் வெந்நீர்த் தொட்டி இருக்கிற துணி அலமாரியில், நோலீனின் துண்டுகளுக்கு நடுவே படுக்கை.

"தெருவுல நடந்தா நாயெல்லாம் என் பின்னாடியே வருது. என் துணி பூரா வெண்ணெய் வாசம்!" என்பார் நோலீன்.

"நாய்க்குத் தெரியுது, உனக்குத் தெரியலையே" என்பார் இவர். பிறகு என் பக்கம் திரும்பி, "வெட்டித் திங்கறதுக்கு இது என்ன சீஸா தம்பி? தடவணும். தடவுனது ரொட்டிக்கே தெரியக் கூடாது."

இந்தப் பித்துக்கு ஊரிலும் ஒரு மரியாதை உண்டு. மண்டபத்துக் கூரைக்குப் பணம் சேர்க்க, குளிர்காலத்தில் எல்லாரும் கூடிச் சீஸ் ரோல் செய்து விற்போம். ரொட்டித் துண்டில் சீஸ் கூழைத் தடவிச் சுருட்டி, மேலே வெண்ணெய் பூச வேண்டும். வெண்ணெய் கெட்டியாக இருந்தால் ரொட்டி கிழிந்துவிடும். அந்த வெண்ணெயை இளக்கிக் கொண்டுவரும் பொறுப்பு ஆலிஸ்டருடையது. பேருந்தை விட்டு இறங்கிய பிறகு ஊர் அவரை நம்பிக் கொடுத்திருக்கும் வேலை இது ஒன்றுதான்.

இந்த வருஷம் மண்டபக் கமிட்டிக்குப் புதிதாகத் தலைவியான எல்ஸ்பெத் மக்கல்வி அதிலும் கை வைத்தார். "எதுக்கு இந்தப் பாடு? குளிர்லயும் இளகியே இருக்கற மார்ஜரின் வாங்கிட்டேன். உங்க வெண்ணெய் இளகியிருந்தா பாக்கலாம், இல்லைன்னா இனிமே எல்லா வருஷமும் இதுதான்."

அன்றிரவு துணி அலமாரியில் துண்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெண்ணெய்க் கட்டிகள். காலையில் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல் காரின் பின் இருக்கையில் ஏற்றினார். பின்னால் வெண்ணெய்க்குப் பக்கத்தில் நோலீனும் முன்னால் நானுமாகக் கூடப் போனோம். மண்டபம் பூட்டியிருந்தது. சாவி எல்ஸ்பெத்திடம், அவர் வரக் காணோம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்க, ஆலிஸ்டர் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டேயிருந்தார். எல்ஸ்பெத் ஒருவழியாக வந்து சேர்ந்ததும் ஓடிப்போய்க் காரின் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வெண்ணெயோட கம்பளியை நீ போத்திக்கிட்டியா?"

"எனக்கு முழங்கால் வலி இருக்கு. அதுக்கு இருக்கா?" என்றார் நோலீன்.

கட்டிகள் செங்கல் மாதிரி ஆகியிருந்தன. மண்டபத்துக்குள் வெளியைவிடக் குளிர். மதியத்துக்குள் ரோல் போகாவிட்டால் சொல்லிவைத்தவர்கள் வாங்கமாட்டார்கள். எல்ஸ்பெத் மார்ஜரின் டப்பாக்களை மேஜையில் அடுக்கினார். எனக்கு ஆலிஸ்டரின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அவர் ஒரு கட்டியை எடுத்தார். ஸ்வெட்டரைத் தூக்கி, காகிதத்தோடு வயிற்றில் வைத்து மூடிக்கொண்டார். "ஹூ!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நோலீன் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தார், பிராயச்சித்தமாக இன்னொன்றும். நானும் எடுத்தேன். பிறகு வரிசையாக எல்லாரும். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க வயிற்றைக் கட்டிக்கொண்டு குதிக்கிற பெரிய மனிதர்கள்.

"எனக்கு உருகி உள்ள எறங்குதுய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

"எறங்குனா ரெடி! கொண்டா, கொண்டா!" என்று ஆலிஸ்டர் வெண்ணெய் தடவும் கத்தியோடு ஓடினார்.

எல்ஸ்பெத் டப்பா மூடியைத் திறக்கப் போனார், திறக்கவில்லை. இளகிய முதல் கட்டி ரொட்டிமேல் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேஜையில் மிச்சமிருந்த ஒரே கட்டியைப் பார்த்தார். யாரையும் பார்க்காமல் கோட்டுப் பொத்தானைக் கழற்றி அதை உள்ளே வைத்துக்கொண்டு, "அய்யோ!" என்று துள்ளினார்.

ஆலிஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். தன் கழுத்துக் கம்பளித் துண்டை அவிழ்த்துக்கொண்டு போய், வெண்ணெய் நழுவாதபடி எல்ஸ்பெத்தின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முடிச்சுப் போட்டார்.